மலைச் சாலையோர மரம் எதைப் பிடித்து நிற்கிறது?

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உதகையின் காலைச் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: இரவுக் காற்றில் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சைப்ரஸ் மரமோ சாலையின் குறுக்கே சாய்ந்தது, தீயணைப்புத் துறையினர் பவர் சாவால் அறுத்து அகற்றினர். அடுத்த நாளே அபாயகரமான மரங்களை வெட்ட வேண்டும் என்று மனுக்கள் எழும். சாய்ந்த மரத்தின் அடிப்பகுதியை யாராவது நின்று பார்த்தால், அது ஏன் விழுந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் இறங்கியிருக்கும் என்று பலரும் நம்புகிறோம். உண்மையில், வளர்ந்த மரத்தின் வேர்களில் மிகப் பெரும்பகுதி மேலிருந்து ஒரு மீட்டர் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது கிளைகளின் விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. வேரும் அது பற்றிய மண்ணும் சேர்ந்து ஒரு பெரிய தட்டுப் போல அமைகின்றன. காற்று மரத்தைத் தள்ளும்போது, காற்று வரும் பக்கத்து வேர்கள் கயிறுபோல இழுத்துப் பிடிக்கின்றன. எதிர்ப்பக்கத்து வேர்கள் முட்டுக்கொடுக்கின்றன. தட்டின் எடையும், அதற்கும் அடிமண்ணுக்கும் இடையிலான உராய்வும் மரத்தை நிறுத்துகின்றன. மண் நீரில் ஊறினால், துகள்களுக்கு இடையே நிறையும் நீரின் அழுத்தம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி அந்த உராய்வைக் குறைத்துவிடுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்ததைப் போன்ற மழையும் காற்றும் சேர்ந்து வந்தால், நல்ல வேர் கொண்ட மரமே தடுமாறும். வேர் அறுபட்ட மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மலைச் சாலை என்பதே சரிவின் ஒரு பக்கத்தை வெட்டி, மறுபக்கத்தில் மண்ணைக் கொட்டி உருவாக்கப்படுவது. மேல்பக்க மரம் வெட்டிய மண்சுவரின் விளிம்பில் நிற்கிறது. கீழ்ப்பக்க மரம் கொட்டிய தளர்மண்ணிலோ தடுப்புச் சுவரை ஒட்டியோ நிற்கிறது. மரப் பராமரிப்பில் ஒரு கணக்கு உண்டு: அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குள் மண்ணைத் தோண்டக் கூடாது. 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு அது சுற்றிலும் 7.2 மீட்டர். சாலையை அகலப்படுத்தும்போது பொக்லைன் வாளி இந்த வட்டத்தின் பாதியை ஒரே நாளில் அறுத்துவிடும். மரமோ உடனே வாடுவதில்லை; மீதமுள்ள வேர்கள் நீர் தருவதால் பல ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். அறுபட்ட தடித்த வேர்களின் வழியே பூஞ்சை நுழைந்து அடிமரம் நோக்கி மெல்ல நகர்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து மரம் விழும்போது, சாலைக்காகத் தோண்டிய அந்த நாளை எவரும் நினைவுகூர்வதில்லை. பழி மரத்தின் மீதே விழுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

மர வகையும் ஒரு காரணம்தான். கற்பூர மரம் நீலகிரிக்கு 1843 வாக்கில் வந்தது. அதுவும் சீகை (வாட்டில்) மரமும் பெருமளவில் நடப்பட்டதற்கு விறகுத் தேவை ஒரு முக்கியக் காரணம், சாலை நிழல் அன்று. நெருக்கமான தோப்பில் வளர்ந்த மரம் ஒளியைத் தேடி நெட்டையாகி, காற்றைத் தாங்கும் வேலையை அண்டை மரங்களோடு பகிர்ந்துகொள்கிறது. தோப்பின் நடுவே சாலை வந்ததும், உள்ளே இருந்த மரம் திடீரென விளிம்பு மரமாகிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற அடிமரமோ வேரோ அதற்கு இல்லை.

புதிதாக நடும்போது, எந்த இனமும் நகரத்தின் மொத்த மரங்களில் 10 விழுக்காட்டையும், எந்தப் பேரினமும் 20 விழுக்காட்டையும், எந்தக் குடும்பமும் 30 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்ற அளவுகோலை, ஒரே நோய் முழு நகரையும் மொட்டையாக்காமல் இருப்பதற்காக, அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990-இல் முன்வைத்தார். நம் மலைகளில் அதோடு உயரத்தையும் பனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குன்னூர்ச் சரிவுகளில் நீலமாகப் பூக்கும் ஜக்கராண்டாவின் இளங்கன்று, சுமார் 2,240 மீட்டர் உயர உதகையில் உறைபனி படியும் பள்ளங்களில் தப்புவது கடினம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீர்போல் கீழே வழிந்து குதிரைப் பந்தய மைதானப் பகுதி போன்ற தாழ்வான இடங்களில் தேங்குகிறது. ஒரே ஊரிலேயே மேட்டுத் தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் வேறு வேறு மரம் வேண்டும். சேவல்கொண்டை மரத்தை (ஆப்பிரிக்க டுலிப்) பூவுக்காக மட்டும் சாலையோரம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதன் கிளை எளிதில் முறிவது, விதை தொலைவுக்குப் பரவுவது.

அப்படியானால் இந்த மலைகளின் இயற்கைக் காடான சோலையின் மரங்களையே நடலாமே என்ற கேள்வி இயல்பானது. விக்கி, மலை நாவல் போன்றவற்றின் கன்றுகள் சோலையின் நிழலில் வளரப் பழகியவை. திறந்த வெளியில் இரவு உறைபனியில் இலையின் செயல்பாடு தளர்ந்திருக்க, காலையில் கடும் வெயில் விழும்போது, பயன்படுத்த முடியாத ஒளியே இலையைச் சிதைக்கிறது. ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு அவற்றுக்கு மேல்மூடி வேண்டும். உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளை மிலாறு (மெல்லிய செடிக்குச்சிகள்) கொண்டு மூடுவதும் இதற்காகத்தான்: மூடி, தரையின் வெப்பம் வானுக்குத் தப்புவதைத் தடுக்கிறது. புல்வெளியில் தனித்தே வளரும் ரோடோடெண்ட்ரான் இதற்கு விதிவிலக்கு. மெதுவாக வளர்ந்தாலும் குட்டையாக நிற்பதால், மின்கம்பிக்கு அடியில் நட அதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தோன்றவில்லை.

நடும் குழி ஆழத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். பாலித்தீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும்; அதைப் பிரித்து வெட்டாமல் நட்டால், அந்தச் சுருளே தடித்துப் பின்னாளில் அடிமரத்தை நெரிக்கும். உதகையில் ஜூன் மழையோடு நட்டால்தான் டிசம்பர் உறைபனிக்கு முன் வேர் பிடிக்கும். கொடைக்கானலில் தெருவுக்குள் வரும் காட்டெருமையையும் மேயும் குதிரையையும் எண்ணி, கம்பிக் கூண்டு உறுதியாக அமைய வேண்டும்.

கவாத்தில் பெரிய தவறு உச்சியை மொட்டையடிப்பது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுவரெழுப்பி ஒதுக்கிவிட்டுப் புதிய மரத்திசுவை அதன் மேலே வளர்க்கிறது. கிளையின் அடியில் உள்ள தடித்த வளையத்தை விட்டு வெளியே அறுத்தால் அந்தச் சுவர் விரைவில் எழும். தண்டின் நடுவே அறுத்தால் அழுகல் உள்ளே இறங்கும். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்ப்பவை வெளி அடுக்கில் மட்டுமே ஒட்டியிருப்பதால், தடித்ததும் காற்றில் பிய்ந்து விழுகின்றன.

1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அதற்கென அமைந்த குழுவின் முன் அனுமதியின்றி மரம் வெட்ட முடியாது. அனுமதி கேட்கும் முன், பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு மரத்தின் அடியையும் பார்க்க வேண்டும்: மேட்டுப்பக்க மண்ணில் வெடிப்பு, வேர்த்தட்டு மேலெழும்பிய தடம், அடியில் காளான், மரச் சுத்தியலால் தட்டினால் வெற்றொலி. இவை இருந்தால் அந்த மரத்தை எடுத்தே ஆக வேண்டும்.

எடுத்த பிறகும் சரிவு அந்த மரத்தை நம்பியே இருக்கிறது. கற்பூர மரத்தின் அடிக்கட்டை துளிர்ப்பதால் வேர் உயிரோடு இருக்கும், சைப்ரஸ் துளிர்ப்பதில்லை. இறந்த வேர் சில ஆண்டுகளில் மட்கி, மண்ணைப் பிடிக்கும் வலுவை இழக்கிறது. புதிய கன்றின் வேர் அந்த வலுவை எட்ட அதைவிட நெடுங்காலம் ஆகிறது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் சரிவு மிகவும் நலிந்திருக்கும். எனவே மரத்தை வெட்டும் பருவத்திலேயே அடிக்கட்டையைப் பெயர்க்காமல் விட்டு, அதன் மேட்டிலும் பக்கங்களிலும் கன்றுகளை ஊன்றிவிட வேண்டும்.