கூலண்ட்: நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள்

எஞ்சின் அதிகம் சூடாகாமல் காக்கும் கூலண்ட் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பச்சையா, சிவப்பா?" அந்த நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த ரசாயனம் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. பார்க்கவேண்டியது உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பியை.

பழைய ரகத்தில் சிலிகேட் போன்ற கனிம உப்புகள் உலோகத்தின் மேல் படலம் போடும். இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். ஓஏடி (ஆர்கானிக் ஆசிட் டெக்னாலஜி) ரகத்தில் இருக்கும் கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் செலவாவதால் ஐந்தாண்டு வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும்; சில சமயம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும். காரின் கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தையே வாங்குங்கள்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, தண்ணியே போதாதா?" போதாது. கூலண்டின் மூலப்பொருளான கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டும். போர் தண்ணீரோ பாத்திர அடியில் படிவதுபோல உள்ளே உப்பாகப் படியும். அதற்காகத் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு: கிளைக்கால் தண்ணீரளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

பழைய கூலண்டை மாற்றும்போது பலர் சறுக்குவது இங்கேதான். தண்ணீரால் அலசி வடித்தபின்னும் எஞ்சின் பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதன் மேல், ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் காரென்றால் முதலில் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட், மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விடுங்கள். சிக்கிய காற்று வெளியேறும். ஆறியபின் மட்டம் இறங்கியிருக்கும். கூலண்ட் தொட்டியின் மேக்ஸ் கோட்டைத் தாண்டாமல் நிரப்புங்கள்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும், 100 டிகிரியைத் தாண்டிய திரவம் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் பீய்ச்சும். அரைமணி நேரமாவது ஆறட்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியால் அமுக்கிப் பாருங்கள். கல்போல விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுங்கள்.

மாதாமாதம் மட்டம் இறங்கினால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வாட்டர் பம்ப் கசியலாம். ஆயில் மூடியின் அடியில் பால்போல வெளுத்த பிசுக்கு இருந்தால் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை நக்கும். உடலுக்குள் ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். வடித்த கூலண்டைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்திருந்தாலும், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல் பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குச் சிறுநீரகம் தப்பும்.