கர்ப்பம் தங்காமல் இருந்தால் மட்டும் போதுமா?

உள்ளே வந்து உட்கார்ந்த அந்த இளம்பெண் பையிலிருந்து மூன்று காலி அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றும் அவசரக் கருத்தடை மாத்திரை. ஒரே மாதத்தில் போட்டவை. "பீரியட்ஸ் தாறுமாறா வருது டாக்டர்" என்றார்.

நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு மாத்திரையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து இருக்கிறது. அதே மருந்து சேர்ந்த தினசரிக் கருத்தடை மாத்திரையில் பெரும்பாலும் 0.15 மில்லிகிராம்தான். மாதவிடாய் முன்னே பின்னே ஆவதில் வியப்பில்லை. உடம்பைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். எனக்குக் கவலை வேறு. இந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் பலன் இருக்காது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்ட பிறகு மறுபடி உறவு கொண்டால் அதற்கு இது பாதுகாப்பு ஆகாது. தள்ளிப்போன முட்டை அப்போது வெளிவரலாம். மூன்று வாரமாகியும் மாதவிடாய் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

"அப்போ எதுதான் நல்லது?" என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. மறதி இல்லாதவருக்குத் தினசரி மாத்திரை சரிவரும். ஆனால் கண்முன் ஒளி மின்னி, அப்புறம் ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். இதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மறந்துபோகிறவருக்குக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி நல்லது. குழந்தை பெறாதவர்களும் வைத்துக்கொள்ளலாம். சில வகைகள் பத்து ஆண்டு வரை வேலை செய்யும். எடுத்ததும் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை நிறுத்தினால் அது திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.

ஆனால் இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. பேச்சு இங்கே வந்ததும் பெரும்பாலானவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, கருக்குழாயைப் பாதித்து, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதுதான் தெரியவரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். துணைக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். அதனால் கர்ப்பத்துக்கு எந்த முறையை எடுத்தாலும், நோய்க்காக ஆணுறையும் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

அடுத்த வாரம் துணைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆணுறை பற்றிப் பேச்சு வந்ததும் துணைவர் தன் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பாக்கெட்டின் ஓரம் தேய்ந்து, தேதி அழிந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே இருக்க வேண்டிய காற்றே இல்லை. பாக்கெட் எங்கோ கிழிந்திருக்கிறது. பர்ஸின் சூட்டிலும் உரசலிலும் ரப்பர் வலுவிழக்கும். எண்ணெயும் வாசலினும் பட்டாலும் அப்படித்தான். தண்ணீர் சார்ந்த ஜெல் போதும். உறவின் தொடக்கத்திலிருந்தே, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போட வேண்டும் என்பதையும் செய்து காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். அன்றைக்கே ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.