பழைய மிலிட்டரி லாரிக்கு பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி அடியில படுத்துப் பாருங்க

போன வருஷம் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல இருந்து பழைய ஜிஎம்சி லாரி ஒண்ணு எங்க ஷெட்டுக்கு வந்துச்சு. சிசிகேடபிள்யூன்னு சொல்ற ரகம், ரெண்டரை டன், பத்து சக்கரம், பெட்ரோல் இன்ஜின். 1941-ல இருந்து 1945 வரைக்கும் அமெரிக்காவுல 5 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளின வண்டி இது. அஸ்ஸாம்ல இருக்கிற லீடோவுல இருந்து பர்மா வழியா சீனாவுக்குப் போட்ட ரோட்டுல எல்லாம் இந்த வண்டிங்களும் லோடு அடிச்சுது. போர் முடிஞ்ச பிறகு ஏலத்துல எடுத்து மரம் ஏத்த வச்சிருந்தாங்களாம், அப்புறம் ஷெட்லயே நின்னுடுச்சு. ஓனர் வந்ததுமே பச்சை பெயின்ட், கதவுல நட்சத்திரம், மேல கான்வாஸ் இதைப் பத்திதான் பேசினார். "பிரேக் பிடிக்குதுங்ணா, பெட்ரோலும் ஏறுது, அதெல்லாம் ஓகேதான்"னார்.

நான் கீழ படுத்துப் பார்த்தேன். பின் ஆக்சிலுக்குப் போற பிரேக் பைப் பாதியில அறுந்து போயிருந்த எடத்துல சாதா காப்பர் டியூபைச் சொருகி, ஃபெர்ரூல்னு சொல்ற இறுக்குற வளையம் போட்ட பித்தளை ஜாயின்ட்டால இழுத்துக் கட்டியிருந்தாங்க. பெட்ரோல் டேங்க் மூலையில பார் சோப்பு தேய்ச்சு ஒழுகலை நிறுத்தியிருந்தாங்க. இந்த வண்டியைத்தான் அவர் கோத்தகிரி ரோட்டுல எறக்கிக் கொண்டு வந்திருக்கார், எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்கிடுச்சு.

ஏன் இவ்வளவு பதறுறேன்னா, இந்தக் காலத்து வண்டியில பிரேக் ரெண்டு சர்க்யூட்டா பிரிஞ்சிருக்கும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கொஞ்சமாவது பிடிக்கும். இதுல பெடலை மிதிச்சா ஆயிலை அழுத்தித் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணுதான், ஒரே சர்க்யூட், அதுல இருந்துதான் எல்லாச் சக்கரத்துக்கும் ஆயில் போகுது. எங்கயாவது ஒரு எடத்துல பைப் விட்டுச்சுன்னா மொத்தமும் காலி, பெடல் தரையில போய் உக்காரும். ஹேண்ட் பிரேக் இருக்கேன்னு சொல்லுவீங்க, அது சக்கரத்துல பிடிக்கிறது இல்ல, ஆக்சிலுக்கு இன்ஜின் சுத்தலைக் கொண்டு போற பிராப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது, வண்டியை நிறுத்தி வைக்கத்தான். எறக்கத்துல லோடோட வர்ற லாரியை அதை வச்சு நிறுத்திடலாம்னு நம்பாதீங்க.

அதனால இந்த மாதிரி வண்டியில நான் ஒட்டுப் போடுறதே இல்ல, பைப் மொத்தமும் மாத்துறதுதான். பழைய பைப்பை உடனே தூக்கிப் போட்டுடாதீங்க, கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணுலயும் டேக் கட்டி வையுங்க, புதுசை வளைக்க அதுதான் அளவு. சாதா காப்பர் பார்க்க அழகா இருக்கும், கையாலயே வளையும், ஆனா லாரி அதிர அதிர இறுகிப் போய் ஒருநாள் விரிசல் விடும். பிரேக்குக்குன்னே வர்ற ஸ்டீல் டியூப் போடலாம், இல்லன்னா 90 பங்கு காப்பர், 10 பங்கு நிக்கல் கலந்த டியூப் போடலாம், அது துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம், நான் போடுறது அதுதான். டியூப் முனையை விரிச்சு விடுற ஃப்ளேரை 45 டிகிரியில ரெட்டை மடிப்பா அடிக்கணும், ஒத்தை மடிப்பு இறுக்கும்போதே கீறல் விடலாம். இப்ப வர்ற கார்கள்ல பெரும்பாலும் இருக்கிற, முனை குமிழ் மாதிரி உப்பின பபிள் ஃப்ளேர் இதுல சரியா உக்காராது, பலத்தால இறுக்கி உக்கார வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

ரப்பர் ஹோஸ் இன்னொரு ஏமாத்து. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ரப்பர் உப்பிப் போய் ஓட்டை அடைச்சிருக்கும். மிதிக்கும்போது ஆயில் சக்கரத்துக்குப் போயிடும், காலை எடுத்தா திரும்பி வராது, டிரம் சூடாகி தீஞ்ச வாசனை வரும். ஷூ செட்டிங்தான் தப்புன்னு நினைச்சு அதைத் திருப்பித் திருப்பி வைப்பாங்க. டிரம்மைக் கழட்டினா உள்ள இருக்கிற தூசியை ஏர் கன் வச்சு ஊதாதீங்க, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. ஈரத் துணியால துடைச்சு எடுங்க, மாஸ்க் போட்டுக்கங்க, ஹெல்ப்பர் பையனுக்கும் குடுங்க.

இந்த லாரியில ஹைட்ரோவாக்னு ஒரு வேக்குவம் பூஸ்டர் இருக்கு, இன்ஜின் உறிஞ்சுற வேக்குவத்தை வச்சு பிரேக் பலத்தைக் கூட்டிக் குடுக்கிறது. அதுக்குள்ள சீல் போச்சுன்னா பிரேக் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிடும், தரையில ஒரு சொட்டு இருக்காது, ஆனா டப்பாவுல ஆயில் குறைஞ்சுக்கிட்டே போகும், சைலன்சர்ல வெள்ளைப் புகை வரும். பைப்புல மாட்டின காத்தை வெளியேத்த ஏர் எடுக்கும்போதும் முதல்ல ஹைட்ரோவாக்ல எடுத்துட்டு, அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்துல இருக்கிற சக்கரத்துல இருந்து ஆரம்பிச்சு கிட்ட வரணும்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4ங்கிறது பிரேக் ஆயிலோட ரகம். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்குமாவது கொதிக்காம தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த அளவு 140 டிகிரிக்கு எறங்கிடுது. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. மலை எறங்கும்போது டிரம் சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். சிலிகான் ஆயிலான டாட் 5 தண்ணியை இழுக்காதுதான், ஆனா உள்ள போன தண்ணி தாழ்வான எடத்துல தேங்கி அங்கயே அரிக்கும், மத்த ஆயிலோட கலக்கவும் கூடாது. நான் டாட் 4 ஊத்தி தேதியை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்துலயே எழுதி ஒட்டிடுறேன்.

பெட்ரோல் லைனுக்கு வர்றேன். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால், 1940கள்ல செஞ்ச ரப்பருக்கும் கார்க் கேஸ்கெட்டுக்கும் அது ஆகாது. ஏசிங்கிற கம்பெனியோட பெட்ரோல் பம்ப்புக்குள்ள இருக்கிற டயபிரம் கிழிஞ்சா பெட்ரோல் இன்ஜின் ஆயில்ல எறங்கும், டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை வந்தா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. டயபிரம், ஹோஸ் எல்லாமே எத்தனாலைத் தாங்குற மெட்டீரியலாத்தான் இருக்கணும். லைனை சூடேறுற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துல கொண்டு போகாதீங்க, வெயில்ல பெட்ரோல் லைனுக்குள்ளயே ஆவியாகி அடைச்சு, வேப்பர் லாக் ஆகி நடு ரோட்டுல நிப்பீங்க.

டேங்க்கைப் பத்தி கெஞ்சியே கேட்டுக்கிறேன். காலியான பெட்ரோல் டேங்க் நிறைஞ்ச டேங்க்கை விட மோசம், உள்ள நிக்கிற ஆவிதான் வெடிக்கும், ஒரு வாரம் வெயில்ல காய வச்சேன்னு சொல்லி வெல்டிங் வைக்காதீங்க. அந்த ஆவி காத்தை விட கனம், கீழ எறங்கி, வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்கிற பிட்ல தேங்கும், அங்க இன்ஸ்பெக்‌ஷன் லைட் பல்பு ஒண்ணு உடைஞ்சாப் போதும்.

கோத்தகிரி லாரிக்கு எல்லாம் மாத்தி முடிச்ச அன்னைக்கு ராத்திரி, பெடலை அமுக்கி கட்டையால முட்டுக் குடுத்து, அடியில முழுக்க அட்டைப் பெட்டியைப் பிரிச்சு விரிச்சு வச்சுட்டுப் போனோம். காலையில பின் ஆக்சில் டி ஜாயின்ட்டுக்குக் கீழ காசு அளவுக்கு ஒரு கறை. இறுக்கிப் பார்க்காம அந்த ஃப்ளேரையே வெட்டிட்டு புதுசா அடிச்சேன், மறுபடி ரெண்டு ராத்திரி அட்டை விரிச்சோம். மூணாவது நாள் அட்டை காஞ்சு கெடந்துச்சு, அப்புறம்தான் ஓனருக்கு போன் போட்டு பெயின்ட் கலரைக் கேட்டேன்.