எத்தனை தடவை போன் எடுத்தார் என்று கணக்கு எழுதாதீர்கள்

போன வாரம் இங்கே மியான்மரின் தட்டோன் ஊரிலிருந்து ஒரு தங்கை வந்திருந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டை மறந்து எடுத்து வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். திறந்து என் முன்னால் வைத்தார். ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டு நான்கு பத்தி: தேதி, நான் கூப்பிட்டது, அவர் எடுத்தது, பேசிய நிமிஷம். எடுக்காத இடங்களில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மொத்தம் பதினோரு மாதக் கணக்கு. கணவர் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார்.

"பாருங்கக்கா, ஆவணியிலேர்ந்து குறைஞ்சுக்கிட்டே வருது. அங்க வேற யாரோ இருக்காங்க. இல்லேன்னா ஏன் எடுக்க மாட்டேங்கிறாரு?"

இந்த மாதத்தில் இது நான்காவது குடும்பம். நோட்டுப் போட்டவர் இவர் ஒருவர்தான். கணக்கு மட்டும் எல்லார் மனதிலும் ஓடுகிறது. யாங்கோனில் பதினாறு வருடமாக நம் தமிழ் ஆட்களுக்கு மனநல ஆலோசனை சொல்லி வருகிறேன். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு பெகு, மோல்மேன், தட்டோன் என்று எந்த ஊர்க் குடும்பம் வந்தாலும், படைக்குப் பிடிப்பார்கள் என்ற பயத்தில், அதில் ஒருவர் தாய்லாந்திலோ மலேசியாவிலோ இருக்கிறார். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். ஆளும் ஊரும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாரும் யாரையும் தேட வேண்டாம்.

முதலில் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்கு ஆறரை. அவர் ஷிஃப்ட் முடித்து, குளித்து, சோறு பொங்கிச் சாப்பிட்டு போனை எடுக்கும்போது அங்கே பத்தரை. இங்கே ஒன்பது. அந்த நேரத்தில் உங்கள் தெருவில் கரண்ட் இருக்குமா? வைஃபை பெட்டி செத்துக் கிடக்கும். நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் டவரும் போய்விடும். ஃபேஸ்புக்கை 2021 பிப்ரவரியிலேயே தடுத்துவிட்டார்கள். 2024 மே கடைசியிலிருந்து தடையைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டாலும் பாதி வேலை செய்வதில்லை. வைபர் செயலியில் கூப்பிட்டால் மணி அடிப்பதுபோல் உங்களுக்குக் கேட்கும். அவர் போனுக்கு எதுவுமே போயிருக்காது. இத்தனையும் சேர்ந்து விழுந்த பெருக்கல் குறிகளை அந்தத் தங்கை ஒரே காரணத்தில் கொண்டுபோய் முடித்தார். நானும் அவரும் உட்கார்ந்து, நினைவிருந்தவரை கரண்ட் போன நாட்களைப் பென்சிலால் வட்டம் போட்டோம். வட்டத்துக்குள் விழாத சிவப்புக் குறி கொஞ்சம்தான்.

நான் ஓயாமல் சண்டை போடும் தப்பெண்ணம் இதுதான்: அதிகம் பேசினால் அதிகப் பாசம், பேச்சு குறைந்தால் பாசம் குறைந்துவிட்டது. தூரத்தில் இருக்கும் ஜோடிகளைப் பற்றி 2013-ல் ஜியாங், ஹான்காக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 63 ஜோடிகளை ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். பிரிந்திருந்தவர்களுக்கு ஒருவரோடொருவர் பேசிய தடவைகள் குறைவு. ஆனால் நெருக்கம், கூடவே இருந்தவர்களைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. கிடைத்த நேரத்தில் மனதிலிருப்பதை அதிகம் சொன்னார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், துணை சொன்னதை இருப்பதைவிட நல்லதாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

2021-ல் வந்த ஒரு கனடா ஆய்வு இன்னும் நமக்குப் பக்கமாக இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு மனநிறைவோடு சேர்ந்து வந்தது எழுத்துச் செய்திதான்; குரல் அழைப்பின் எண்ணிக்கைக்கு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. பதில் அக்கறையாக வருகிறதா என்பதும் அதில் கணக்கு. இந்த ஊர் நெட்டுக்கு இதைவிடத் தோதான செய்தி வேறென்ன வேண்டும்? வீடியோ கால் நின்று நின்று வரும்போது கத்திச் சண்டை போடுவதை விடுங்கள். "குழாய் அடைச்சுக்கிச்சு, மாமா வந்து எடுத்துவிட்டாரு, பெரியவன் நீச்சல்ல இறங்கிட்டான்" என்று நான்கு வரி தட்டிவிடுங்கள். கரண்ட் வரும்போது போகும். அவரும் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பார்.

அப்படியானால் எதற்குத்தான் சந்தேகப்படுவது என்று கேட்பீர்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பேச்சைப் பாருங்கள். பிள்ளையைப் பற்றி விசாரிப்பது நின்றுபோனதா? ஊர் திரும்பும் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறாரா? வரவு செலவை மறைக்கிறாரா? இவை உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள். ஒன்பது மணிக்கு எடுக்காமல் பத்தே காலுக்கு எடுத்தது அல்ல.

வெளியூரிலிருக்கும் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கேமராவைத் திருப்பி அறை முழுக்கக் காட்டச் சொல்வது, பாஸ்வேர்டு கேட்பது, லொக்கேஷனை இருபத்துநான்கு மணி நேரமும் போட்டு வைக்கச் சொல்வது, கடைக்குப் போனால் யாரோடு போனாய் என்று கேட்பது. இதற்கு அன்பு என்று பேர் வைக்காதீர்கள். இது காவல். என் அறையில் இதை வன்முறை என்றே எழுதிக்கொள்கிறேன். அந்தரங்கப் படம் கேட்காதீர்கள், அனுப்பாதீர்கள். போன் தொலைந்தால் அது யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் உண்மையில் மனதை அரிப்பது வேறொன்று. எப்போது சேர்ந்து இருப்போம் என்று தெரியாததுதான். மகுவாயர் என்ற ஆய்வாளர் 2007-ல் இதைத்தான் காட்டினார்: மறுபடி ஒரே ஊரில் இருப்போம் என்பது உறுதியாகத் தெரிந்தவர்கள் நிறைவாகவும் மன உளைச்சல் குறைவாகவும் இருந்தார்கள். நமக்கு இது புதிதா? கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போவான். முல்லைத் திணையில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருக்கிறாள். மழை வந்து தேர் வரவில்லை என்றால்தான் தவிப்பு.

இன்றைக்கு நம் பையன்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வந்தால் திரும்பப் போக விடுவார்களா என்ற பயம். அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் "பார்க்கலாம்" என்று முடித்துவிடாதீர்கள். தேதி சொல்ல முடியாவிட்டால், எதெது நடந்தால் வருவேன் என்று சொல்லுங்கள். கடன் அடைந்தால், அல்லது அவளையும் பிள்ளையையும் அங்கே அழைக்க வழி கிடைத்தால். அதுவும் தெரியவில்லையா? அடுத்த தீபாவளிக்கு உட்கார்ந்து மறுபடி இதைப் பேசுவோம் என்று அதற்காவது ஒரு நாள் வையுங்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

அவசர ஏற்பாடும் இப்போதே பேசி வையுங்கள். 2025 மார்ச் 28 பூகம்பத்தன்று, யாங்கோனில் பத்திரமாக இருந்த ஒரு குடும்பத்துக்காகப் பினாங்கிலிருந்து ஒரு பையன் இரவு முழுக்க அழுதிருக்கிறான். லைன் இல்லை, அவ்வளவுதான். நெட் போனால் சாதாரண எஸ்எம்எஸ், அதுவும் போகாவிட்டால் வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரர், மூன்று நாள் வரை பதறுவதில்லை என்ற ஒப்பந்தம். ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பின்னால் வருகிறேன் என்றேனே, துணையை இருப்பதைவிட நல்லவராக எடுத்துக்கொள்வது, அது. ஸ்டாஃபர்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தூரத்திலிருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த காதல் ஜோடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டது. அவர்கள் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள். கல்யாணமான நம் குடும்பங்கள் பிரிய மாட்டார்கள். ஒரே வீட்டில் பேசாமல் இருப்பார்கள். போனில் நல்லவராகவே எடுத்துக்கொண்ட மனிதர் இப்போது குறட்டை விடுகிறார், துண்டைக் கட்டிலில் போடுகிறார். நான்கு வருடம் கழித்து வந்த ஒருவர் மறுநாளே அலமாரிச் சாவியை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இனி நான் பார்த்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு." பாசமாகத்தான் சொன்னார். இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றுவதிலிருந்து மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு வரை நான்கு வருடம் தனியாளாகப் பார்த்தவருக்கு, வேலையை விட்டு நிறுத்தியதுபோல் இருந்தது. என்னிடம் வந்து, "எனக்கு அந்தச் சாவி வேணும்கா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

வந்தவர் முதல் மாதம் எதையும் மாற்றாமல் இருங்கள். பிள்ளையை அதட்டாதீர்கள், நீங்கள் இல்லாதபோது அந்த வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டாகியிருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலிருப்பவர் சொந்தபந்தங்களை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள். முதல் சண்டை வந்ததும் "போன்ல நல்லாத்தானே இருந்தீங்க" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் சரி, அங்கே இருப்பவரோ இங்கே இருப்பவரோ, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தட்டோன் தங்கையின் கணவர் ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் தாய்லாந்து வழியாக வரப் பார்க்கிறாராம். வந்த மூன்றாவது வாரம் இருவரும் சேர்ந்து என்னிடம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதாத பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தார். பெரியவனுக்குக் கணக்குப் போட ஆகுமாம்.