குளவிக்குச் செய்வதை ஜெல்லி மீனுக்குச் செய்யாதீர்கள்

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பும் வாரத்தில், ஹட்டன் பக்கத்திலுள்ள எனது சிகிச்சை நிலையத்துக்குக் காய்ச்சலும் இருமலும் வருவது வழமை. சில ஆண்டுகளாக அவற்றோடு கடலும் சேர்ந்து வருகிறது. நிலாவெளிக்கு வேன் பிடித்துப் போய், புறாத் தீவில் காற்றுச் சிலிண்டருடன் சுழியோடிவிட்டு, கையிலும் கழுத்திலும் சாட்டையால் அடித்தது போன்ற தடங்களோடு வருகிறார்கள். சென்ற வாரம் வந்த இளைஞர் இந்தப் பருவத்தில் ஐந்தாமவர். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளங்கள், அவற்றின் மேல் காய்ந்த சுண்ணாம்பு. "குளவி கொட்டுன மாதிரியே இருந்துச்சு டொக்டர், அதான்" என்றார். சுண்ணாம்புக்கு முன்னரே, கரையில் நின்ற நண்பர்கள் மணலை அள்ளித் தேய்த்து, போத்தல் தண்ணீரால் கழுவி, துவாயால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். செய்யக்கூடாத அனைத்தையும் ஒரே கையில் செய்து முடித்திருந்தார்கள்.

தேயிலை மலையில் வளர்ந்த நமக்குக் கொட்டு என்றால் குளவிக் கொட்டுதான். குளவி கொட்டிவிட்டுப் பறந்துவிடும். ஏறிய நஞ்சு ஏறியதுதான், அதன் பின் தோலின் மேல் எதைத் தடவினாலும் அது கூடப்போவதில்லை. ஜெல்லி மீன் அப்படியன்று. அதன் இழை தோலில் பட்டதும் வெடிப்பவை அதிலுள்ள கொட்டும் கலங்களில் ஒரு பகுதி மட்டுமே. வெடிக்காத மீதி, கண்ணுக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் தோலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் தேய்க்கும்போது அவை வெடிக்கின்றன. நன்னீரை ஊற்றும்போதும் வெடிக்கின்றன. அதாவது, குளவி கொட்டிய இடத்தில் சிகிச்சை தொடங்கும் நேரத்தில் கொட்டுதல் முடிந்திருக்கிறது. ஜெல்லி மீன் பட்ட இடத்தில் அது இன்னும் முடியவில்லை, மீதியை முடித்துவைப்பது உங்கள் துவாய். இதை நான் ஐந்து பேருக்கும் ஐந்து முறை சொன்னேன். ஐந்து பேரும் தலையாட்டிவிட்டு, "அப்போ சிறுநீர் ஊத்தியிருக்கணுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம். சிறுநீரால் எந்தப் பயனும் இல்லை. நன்னீரைப் போலவே அதுவும் கலங்களைத் தூண்டக்கூடும். சுண்ணாம்பு, வெங்காயம், மதுசாரம் எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தண்ணீரை விட்டு வெளியேறி, கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குறட்டினாலோ கையுறை அணிந்த விரல்களாலோ தேய்க்காமல் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில், 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். சூட்டைக் கொட்டுப்படாத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டோடு தீக்காயத்தையும் கொண்டு வந்தவர்கள் உண்டு. பெட்டி வடிவ ஜெல்லி மீன் என்று சந்தேகம் இருந்தால், இழைகளை எடுப்பதற்கு முன் 30 விநாடி வினாகிரி ஊற்றுவது நல்லது. ஆனால் நீலப் பலூன் போல மேற்பரப்பில் மிதக்கும் பிசாலியாவுக்கு வினாகிரி வேண்டாம் என்பதே அவுஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டல். மூச்சுத் திணறல், மார்பு வலி, வாந்தி, முதுகைப் பிடிக்கும் கடும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆறேழு மணி நேரம் வேனில் உட்கார்ந்து என்னிடம் வரும் கதை அதுவன்று.

படாமல் பார்த்துக்கொள்வது இதைவிட எளிது. நம் கடல் 28 பாகை வெதுவெதுப்பாக இருப்பதால் காற்சட்டையும் டீசேட்டும் போதும் என்று இறங்குகிறார்கள். குளிருக்காக அன்று, தோலுக்காகவே முழு உடலையும் மூடும் லைக்ரா உடையை அணியுங்கள். மெல்லிய துணியே பெரும்பாலான கொட்டுகளைத் தடுத்துவிடும். மூடாமல் எஞ்சுவது உதடு, கன்னம், கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால்; என்னிடம் வரும் தடங்களில் பலவும் அங்கேதான். ஆபத்து ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கொட்டுப்படுவது மேலேறும்போதும், மேற்பரப்புக்கு வருமுன் பாதுகாப்புக்காக 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து நிற்கும்போதும்தான். தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். படகுக் கயிற்றில் இழைகள் சுற்றியிருக்கும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஜெல்லி மீனின் குடை போன்ற உடலை விட்டு விலகிவிட்டோம் என்று நிம்மதியடைய வேண்டாம், இழைகள் பல மீற்றர் பின்னால் இழுபட்டு வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டுப்பட்ட அதிர்ச்சியில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயாதீர்கள்; ஏறும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எரிச்சல் ஆறிவிடும், கிழிந்த நுரையீரல் அப்படியன்று.

மலையில் வாழும் வைத்தியன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் சுழியோடிவிட்டு அன்றிரவே நுவரெலியாவுக்கு ஏறுகிறவருக்கு, அந்த ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம் விமானத்தில் பறப்பதற்குச் சமம்; ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன் அங்கே குமிழிகளாகிவிடக்கூடும். ஒரு முறை சுழியோடினால் 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் கடற்கரையிலேயே தங்க வேண்டும். அந்தக் குமிழிகளால் தோளில் குடையும் வலியையும், தோலில் படரும் திட்டுகளையும், விரல் மரத்துப்போவதையும் "ஜெல்லி மீன் பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வாமைக் குளிசையோடு அனுப்பிவிட எங்களுக்கும் கை துறுதுறுக்கும். எத்தனை மணிக்குக் கடலை விட்டு ஏறினீர்கள் என்று கேட்காத வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

சுழியோடிய உடையை ஷொப்பிங் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இழை காய்ந்து கண்ணில் படாமல் போனாலும் அதிலுள்ள கலங்கள் ஈரம் பட்டதும் மீண்டும் வெடிக்கக்கூடும். கையுறை அணிந்து, சுடுநீரும் சவர்க்காரத் தூளும் இட்டு நீங்களே கழுவுங்கள். அந்த ஐந்தாம் இளைஞர் வந்து மூன்று நாட்களுக்குப் பின், லயத்துப் பீலியடியில் மகனின் டீசேட்டைக் கசக்கிப் பிழிந்த அவருடைய அம்மா, இரண்டு கைகளும் சிவந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் இதுவரை கடலையே பார்த்ததில்லையாம்.