லைட் எரியுது, ஹோன் அடிக்குது, ஆனா கார் மட்டும் ஸ்டார்ட் ஆகுதில்ல, ஏன்?

கீயைத் திருப்புறீங்க, டாஷ்போர்ட்ல எல்லா லைட்டும் வருது, ரேடியோ பாடுது, ஹோனும் அடிக்குது, ஆனா எஞ்சின் அசையுதில்ல, "டிக்" எண்டு ஒரு சத்தம் மட்டும் கேக்குது. உடனே பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சொல்லுவார், "லைட் எரியுதுதானே தம்பி, பற்றரி நல்லம், ஸ்டார்டர் மோட்டர்தான் போயிட்டு, கழட்டோணும்." மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம் புதுசா வாகனம் வாங்கின ஆக்கள் இந்த ஒரு கதைய நம்பி நல்லா இருக்கிற மோட்டரக் கழட்டிக் காசு செலவழிக்கிறது எனக்கு உண்மையாவே கவலை. லைட் எரியுது எண்டதால பற்றரி நல்லம் எண்டு சொல்லவே ஏலாது, ஏன் எண்டு கணக்கோட பாப்பம்.

ஒரு ஹெட்லைட் பல்ப் 55 வோட்ஸ், அதுக்கு 12 வோல்ட்ல 5 அம்பியர் கூட வேணாம், ரெண்டு பல்ப்புக்கும் சேத்து 9 அம்பியர் போதும். ஆனா ஸ்டார்டர் மோட்டர் ஒரு சின்னப் பெற்றோல் எஞ்சினச் சுத்த 100 இல்லாட்டி 150 அம்பியர் இழுக்கும், சுத்தத் தொடங்குற அந்தக் கணத்துல அதுக்கும் கூட. இப்ப பற்றரியில வயர் பூட்டுற முனையில, அதாவது டேமினல்ல, அழுக்குப் பிடிச்சு 0.02 ஓம் தடை வந்திட்டு எண்டு வைங்க. கேக்க ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும். லைட்டுக்குப் போற 9 அம்பியர் அதுக்குள்ளால போகேக்க குறையிறது 0.18 வோல்ட், உங்கட கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஆனா 150 அம்பியர் போகப் பாத்தா 3 வோல்ட் அந்த அழுக்கிலயே போயிரும், மோட்டருக்குப் போய்ச் சேர்ற மிச்சத்துல எஞ்சின் சுத்தாது. புதுப் பாலம் வர முந்தி மட்டக்களப்பில ஒடுக்கமான பழைய கல்லடிப் பாலத்துல ராவில தனிச் சைக்கிள் ஒண்டு ஒரு தடையுமில்லாமப் போயிரும், காலையில பள்ளிக்கூட நேரம் ரெண்டு பக்கமும் வாகனம் நிண்டு காத்துக்கிடக்கும், பாலம் அதே பாலம்தான். டேமினல் அழுக்கும் அப்பிடித்தான், கொஞ்சக் கரண்டுக்கு வழி விடும், கனக்கக் கேட்டா மறிக்கும்.

சரி, அப்ப முதல்ல என்ன செய்யோணும்? ஸ்பேனர எடுக்காதீங்க, காதைக் குடுங்க. ஹெட்லைட்டப் போட்டு வெச்சிட்டுக் கீயைத் திருப்புங்க, ஒராள் முன்னால நிண்டு லைட்டப் பாக்கட்டும். லைட் அப்பிடியே மங்கி அணைஞ்சு போனா பற்றரியில சார்ஜ் இல்ல, இல்லாட்டி டேமினல்லயோ, பற்றரி மைனஸ வாகன இரும்போட சேக்கிற ஏர்த் வயர்லயோ பிடி சரியில்ல. லைட் கொஞ்சமும் மங்காம அதே வெளிச்சத்தோட நிண்டு எஞ்சின் அசையாட்டிக் கரண்ட் மோட்டருக்குப் போகவே இல்ல, அப்பதான் ரிலே, பியூஸ், கீ சுவிட்ச், சொலனொயிட் எண்டு தேடோணும். ஓட்டோ கியர் வாகனம் எண்டா அதுக்கும் முதல் கியர் பி-யிலயோ என்-லயோ நிக்குதா எண்டு பாருங்க, பட்டன அமத்தி ஸ்டார்ட் பண்ணுற புஷ் ஸ்டார்ட் எண்டா பிரேக்க மிதிக்கேக்க பின்னுக்கு பிரேக் லைட் எரியுதா எண்டும் பாருங்க, அந்தச் சின்ன பிரேக் சுவிட்ச் பழுதானாலும் வாகனம் ஸ்டார்ட் ஆகாது.

"டிக்டிக்டிக்டிக்" எண்டு வேகமா அடிக்கிற சத்தம் வந்தா அது கிட்டத்தட்ட பற்றரிப் பக்கம்தான், அது ஏன் அப்பிடி அடிக்குது எண்டது எனக்குச் சரியாப் பிடிச்ச விசயம். ஸ்டார்டர் மோட்டருக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கிற உருளைதான் சொலனொயிட், அதுக்குள்ள ரெண்டு சுருள் இருக்கு, ஒண்டு இரும்பை உள்ளுக்கு இழுக்க, மற்றது இழுத்தத அப்பிடியே பிடிச்சு வெச்சிருக்க. கீயைத் திருப்பினா இரும்பு உள்ளுக்குப் போகும், போகேக்க ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற பெரிய பிளைவீல்ல மாட்டும், அதே நேரம் தடிச்ச செம்பு கொண்டாக்ட் ரெண்டையும் சேத்து மோட்டருக்குப் பெரிய கரண்ட விடும். பற்றரி பலவீனமா இருந்தா அந்தப் பெரிய கரண்ட் ஓடின உடனே வோல்டேஜ் தலைகீழா விழும், பிடிச்சு வெச்சிருந்த சுருளுக்குப் பலம் காணாம இரும்பை விட்டிரும், விட்ட உடனே கரண்ட் நிண்டு வோல்டேஜ் ஏறும், ஏறின உடனே திரும்ப இழுக்கும், திரும்ப விழும். அந்தச் சுத்துதான் உங்கட காதுக்கு டிக்டிக் எண்டு கேக்குது.

இந்த ஸ்டார்டர் மோட்டர் வழமையாப் பூட்டி வரத் தொடங்கினது 1912இல கடிலாக் கார்ல, செஞ்சவர் அமெரிக்காவில சார்ல்ஸ் கெட்டரிங். அதுக்கு முந்தி முன்னால ஹேண்டிலப் போட்டுக் கையாலதான் சுத்தினாங்க, எஞ்சின் திருப்பி அடிச்சுக் கை முறிஞ்ச ஆக்களும் இருந்தாங்க.

வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒண்டு வாங்கி வைங்க, சின்னதே போதும். ராவு முழுக்க நிண்ட வாகனத்துல 12.6 வோல்ட் காட்டினா பற்றரி புல், 12.2 எண்டா பாதி, 12க்குக் கீழ போனா வெறுமை எண்டே வைங்க. ஆனா 12.5 காட்டுற பற்றரியும் ஏமாத்தும், கீயைத் திருப்பேக்க 9.6க்குக் கீழ விழுந்தா அதுல சரக்கில்ல. அதோட மீட்டர்ர ஒரு கம்பிய பற்றரி ஈயக் குமிழ்லயும் மற்றத அதைக் கவ்விப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்லயும் வெச்சிட்டு ஒராளக் கொண்டு கீயைத் திருப்பச் சொல்லுங்க. ரெண்டுக்குமிடையில 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா களவு நடக்கிற இடம் அதுதான்.

நம்ம பக்கம் இது கூடுதலா வாறதுக்குக் காரணம் இருக்கு. நாவலடி, காத்தான்குடி, மருதமுனை எண்டு கடலோட ஒட்டின ஊருகள், உப்புக்காத்து ஏர்த் வயர் பூட்டியிருக்கிற போல்ட்டக் கறள் பிடிக்க வைக்கும், பற்றரியில இருந்து வாற அசிட் ஆவி டேமினல்ல வெள்ளையும் பச்சையுமாப் பூக்கும். குளிர் நாட்டில பற்றரி பனிக்காலத்துல கைவிடும், இங்க வெயில்தான் உள்ளுக்கு இருக்கிற ஈயத் தட்ட அரிச்சுத் தண்ணிய வத்த வைக்குது. ஓடாம நிக்கிறது அதவிட மோசம். நிக்கிற கார்லயும் அலாரம், கம்ப்யூட்டர் எண்டு 50 மில்லி அம்பியர் போய்க்கிட்டே இருந்தா ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-அவர், அதாவது 1.2 அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடின அளவு, போயிரும், 35 அம்பியர்-அவர் பற்றரி ஒரு மாசத்துல காலி. காலியாக் கிடக்கிற பற்றரியில ஈய சல்பேட் பளிங்கு மாதிரி இறுகிரும், பிறகு சார்ஜ் போட்டாலும் ஏறாது. 2022இல பெற்றோல் இல்லாம வாகனமெல்லாம் கிழமைக்கணக்கா நிண்டதே, அப்பிடி நிக்கவிட்டா நல்ல பற்றரியும் செத்துப்போகும்.

கழுவுறது லேசு. 10ஆம் நம்பர் ஸ்பேனரால முதல் மைனஸ், பிறகு பிளஸ் கழட்டுங்க, பூட்டேக்க மைனஸ் கடைசி, அப்பதான் ஸ்பேனர் வாகனத்திட இரும்புப் பொடியில (body) பட்டாலும் ஷோட் ஆகாது. அப்பச்சோடாவை சுடுதண்ணியில கரைச்சு ஊத்தி பழைய பிரஷ்ஷால தேயுங்க, நுரைக்கிறது அசிட் முறியிறது, காஞ்ச பிறகு கிரீஸ் பூசுங்க. ஜம்பர் வயர் போட்டா கடைசிக் கறுப்பு வயர சார்ஜ் இல்லாத பற்றரியில கொழுவாதீங்க, தள்ளி எஞ்சின் இரும்புல கொழுவுங்க. கடைசியாக் கொழுவுற இடத்துலதான் பொறி பறக்கும், பற்றரியில இருந்து வாறது ஐதரசன், வெடிச்சா அசிட் முகத்துல அடிக்கும். ஹைபிரிட் வாகனத்துல செம்மஞ்சள் வயர்ல கை வைக்கவே கூடாது.

எஞ்சின் நல்லாச் சுத்துது ஆனா பிடிக்குதில்ல எண்டா பற்றரிக் கதை முடிஞ்சுது, அது பெற்றோல் இல்லாட்டி ஸ்பார்க். கீயை ஓன் பண்ணினதும் பின் சீட்டுக்கடியில ரெண்டு செக்கன் "ம்ம்ம்" எண்டு பம்ப் சத்தம் கேக்குதா பாருங்க, அனேகமான பெற்றோல் வாகனத்துல கேக்கும், கேக்காட்டி பம்ப் பியூஸையும் ரிலேயையும் பாருங்க. டாஷ்போர்ட்ல சாவிப் படம் மின்னிக்கிட்டே இருந்தா களவைத் தடுக்கிற இம்மொபிலைசர் உங்கட கீயை அடையாளம் காணல்ல, மற்றக் கீயால ஒருக்கா முயற்சி பண்ணுங்க.

ஸ்டார்ட் ஆனதும் ஓவ் பண்ணாம பற்றரியில மீட்டர வைங்க. 13.8 தொடக்கம் 14.5 வரைக்கும் நிண்டா அல்டனேட்டர் சார்ஜ் போடுது, அப்பிடியே ஒரு மணித்தியாலம் தூர ஓட்டம் ஓடுங்க, கல்லடியில இருந்து காத்தான்குடி போய்வந்தா இழுத்தது திரும்ப ஏறாது. எஞ்சின் ஓடியும் 12.5ல நிண்டு மெல்ல மெல்ல இறங்குது எண்டா புதுப் பற்றரிக்குக் காசு குடுக்காதீங்க, அல்டனேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கா எண்டு பாத்திட்டு, பெல்ட் சரி எண்டா மெக்கானிக் பாஸிட்டப் போய் அல்டனேட்டரச் சோதிக்கச் சொல்லுங்க.