சூரியன் நின்ற பாகை

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் பெரியப்பா சாதகம் பார்ப்பவர். ஒரு காலத்தில் பஞ்சாங்கத்தை விரித்துக் கையால் கணித்தவர், இப்போது மடிக்கணினியில் சோதிட மென்பொருள் வைத்திருக்கிறார். அதில் ஒரு வரியை எனக்குக் காட்டினார்: 2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம், தனுசு 10 பாகை, மூலம்.

"தம்பி, 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்றைக்கும் சூரியன் இந்தப் பாகையை ஒட்டித்தான் நின்றது" என்றார்.

நாவலடியில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. அந்த வரியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. மென்பொருள் அதை எப்படிக் கணிக்கிறது என்று தேடிப் படித்தேன்.

இத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்குள் ஓடுவது சுவிஸ் எபிமெரிஸ் என்ற கணிப்பு நிரல். சூரிச்சின் ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. அதற்கு அடிப்படை, நாசா விண்கலங்களை வழிநடத்தத் தயாரிக்கும் கோள் அட்டவணை. ஆகவே பாகைக் கணக்கைத் தாராளமாக நம்பலாம்.

நிரல் ஒவ்வோர் அமாவாசையாக எடுத்துப் பார்க்கிறது. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்தது. இரண்டும் வெட்டும் புள்ளிகளைத்தான் ராகு, கேது என்கிறோம். அமாவாசையன்று சூரியன் அவற்றில் ஒன்றுக்குச் சுமார் 15 பாகைக்குள் இருந்தால் பூமியில் எங்காவது கிரகணம் நிச்சயம். பதினெட்டரையைத் தாண்டினால் இல்லை. 2019இல் கேது ஏறத்தாழ 4 பாகை தள்ளித்தான் இருந்தது. திருகோணமலையில் வளையமாகவும் மட்டக்களப்பில் பகுதியாகவும் தெரிந்தது.

அடுத்தது அயனாம்சம், அதாவது மேற்கத்திய ராசிக் கணக்குக்கும் நம்முடையதற்கும் உள்ள பாகை இடைவெளி. மேற்கத்திய முறையில் அதே கிரகணம் மகரம் 4இல் விழுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகுவதால் வந்த 24 பாகை வித்தியாசம் அது. இந்த இடைவெளிக்குப் பரவலாகப் பயன்படும் லாகிரி அளவைத் தெரிவு செய்தால் மென்பொருள் அதைக் கழித்துவிட்டு, சாதகத்தில் லக்கினமோ சந்திரனோ நிற்கும் பாகையோடு ஒப்பிடும்.

சரி, சுனாமிப் பாகை? சூரியன் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. அப்படியானால் சூரியனின் பாகை என்பது ஒரு திகதிதான். ஒவ்வொரு டிசம்பர் 26இலும் சூரியன் அங்கேதான் வருகிறது. 19 ஆண்டில் 235 சந்திர மாதங்கள் கிட்டத்தட்டச் சரியாக அடங்குவதால் கிரகணமும் அதே இடத்துக்குத் திரும்பலாம்: 2000 டிசம்பர் 25, 2019 டிசம்பர் 26, 2038 டிசம்பர் 26. சுனாமி வந்ததோ போயா தினத்தில், அதாவது பௌர்ணமி நாளில். பௌர்ணமியில் சூரிய கிரகணம் நிகழவே முடியாது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு சறுக்கியதற்கும் இந்தப் பாகைக்கும் தொடர்பில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கன நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாகை உலகத்துக்கே ஒன்று, நிழல் அப்படியல்ல. 2026 ஆகஸ்ட் 12 கிரகணம் கடகம் 26, ஆயிலியம். முழு நிழல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம். நமக்கு அப்போது இரவு 11 மணி. கோயில் நடை சாத்த வேண்டுமா என்று கேட்டு வருபவர்களுக்காக, பெரியப்பா இப்போது முதலில் ஊர்ப் பெட்டியில் மட்டக்களப்பு என்று தட்டுகிறார்.